நீலகிரியில் கோழிக்கு எந்தக் கூடு தாங்கும்?

வீட்டுக்குப் பின்னால் பத்துக் கோழி வளர்க்கலாம் என்று நினைக்கும் கோத்தகிரி, குன்னூர்க்காரர்களுக்கு இன்று நான்கு வழிகள் இருக்கின்றன. மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ ரெடிமேடாக விற்கும் இரும்புக் கூண்டை வாங்கி மேலே ஏற்றலாம். ஆசாரியைப் பிடித்துக் கால் வைத்த மரக்கூடு செய்யலாம். ஹாலோ பிளாக்கில் சின்னதாக ஓர் அறை கட்டலாம். இல்லையென்றால் தோட்டத்தின் ஒரு மூலையில் சுற்றிலும் மேலேயும் கம்பி வலை அடித்து, ஆள் நிமிர்ந்து நடக்கும் உயரத்தில் ஒரே பெரிய அடைப்பாக விட்டுவிடலாம். படத்தில் பார்த்தால் நான்காவது அழகு. விலை கேட்டால் முதலாவது மலிவு. மலையில் இந்த இரண்டையும் அப்படியே எடுத்து வைக்க நான் சொல்லமாட்டேன்.

இங்கே பகலில் வருகிற எதிரி வேறு, இரவில் வருகிற எதிரி வேறு. பகலில் வருபவை சின்னவை, வேகமானவை. வீட்டில் ஆள் இருந்தால் பாதி அடங்கும். இரவில் வருபவைக்கு நேரம் நிறைய இருக்கிறது, பல்லும் நகமும் பலமாக இருக்கின்றன, விடியும்வரை சோதித்துப் பார்க்கும். இரண்டுக்கும் சேர்த்து நடுத்தரமாக ஒரே பெரிய கூடு கட்டினால், பகலுக்குத் தேவைக்கு மேல் செலவாகும், இரவுக்குப் போதாது. இரவுக்குச் சின்னதாக, இறுக்கமாக ஓர் அறை. அதை ஒட்டிப் பகலுக்கு லேசான வலை அடைப்பு. பணத்தில் பெரும்பகுதி அறைக்குப் போகட்டும். எந்தப் பொருளில் கட்டுவது என்பது இதற்கு அடுத்த கேள்விதான்.

வருவது யார்

கீரி பகல் விலங்கு. காலை பத்து மணிக்குத் தேயிலைக்குள்ளிருந்து வந்து குஞ்சைக் கவ்விக்கொண்டு அதே வரிசைக்குள் போய்விடும். தேயிலைச் செடி மேலே தட்டையாக மூடியும் அடியில் காலியாகவும் இருப்பதால், சின்ன வேட்டை விலங்குகள் வெளியே தெரியாமல் வீட்டுக் கொல்லைவரை வர முடிகிறது. உங்கள் வேலிக்கும் முதல் தேயிலை வரிசைக்கும் நடுவே பத்தடி வெட்டவெளி இருந்தாலே நிலைமை மாறும். மேலிருந்து வல்லூறு வரும். வளர்ந்த கோழியைப் பெரும்பாலும் விட்டுவிடும், குஞ்சை விடாது. காக்கையும் அப்படித்தான். குரங்கு முட்டைக்கும் தீவனத்துக்கும் வரும். அது செய்கிற முக்கியக் கெடுதல் என்னவென்றால், சாதாரணக் கொண்டியைத் திறந்துவிட்டுப் போய்விடும், அப்புறம் மற்றவர்களுக்கு வழி கிடைக்கும்.

இரவுப் பட்டியல் நீளமானது. மரநாயும் புனுகுப்பூனையும் முதலில். மரநாய் நன்றாக ஏறும். ஓட்டு வீட்டுப் பரண்களில் குடியிருப்பதால் ஊருக்குள்ளேயே இருக்கிறது, காட்டிலிருந்து வர வேண்டியதில்லை. காட்டுப்பூனை அந்தியிலும் விடியலிலும் அதிகம் நடமாடும். பெருச்சாளி மண்ணைத் துளைத்துக்கொண்டு அடியிலிருந்து வரும். அதன் வளை வழியே பாம்பும் வரலாம். ஊட்டி உயரத்தில், 2,200 மீட்டருக்கு மேல், பாம்புத் தொல்லை குறைவு. பர்லியார் பக்கமோ கூடலூர் பக்கமோ இறங்கிவிட்டால் அதைத் தனியாகக் கணக்கில் எடுக்க வேண்டும். நரி உண்டு. தெருநாய் இரவு பகல் இரண்டிலும் உண்டு. கூட்டமாக வந்தால் ஒரே இரவில் எல்லாவற்றையும் கொன்று அப்படியே போட்டுவிட்டுப் போகும்.

கடைசியில் சிறுத்தையும் கரடியும். சிறுத்தைக்கு ஈடுகொடுக்கிற வலை கிடையாது என்று முதலிலேயே ஒத்துக்கொள்வது நல்லது. அது மனது வைத்தால் மரச்சட்டத்தில் அடித்த எந்த வலையையும் பிய்த்துவிடும். ஆனால் அது பாடுபட விரும்பாத விலங்கு. சுவரும் இரும்புக் கதவும் இருந்தால் பெரும்பாலும் அடுத்த வீட்டு நாயைத் தேடிப் போகும். கரடி வருவது கோழிக்காக அல்ல. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் கரடி பேக்கரிக் கதவையும் கோயில் கதவையும் உடைத்த செய்தியை எல்லோரும் படித்திருப்பார்கள். எண்ணெய், வெல்லம், அரிசி வாசனைதான் அதை இழுக்கிறது. கடலைப் புண்ணாக்கும் தவிடும் கலந்த தீவன மூட்டையைக் கூட்டுக்குள் வைத்தால் கரடிக்கு அழைப்பு அனுப்பியதாக அர்த்தம். தீவனம் வீட்டுக்குள், மூடி போட்ட தகர டிரம்மில் இருக்கட்டும். மீந்த தீவனத்தை அந்தியில் அள்ளிவிடுங்கள். எலித் தொல்லையும் இதிலேயே பாதி குறையும்.

ஏற்கெனவே கோழியை இழந்தவர்கள் கூட்டை மாற்றுவதற்குமுன் தடயத்தைப் பார்த்தால் செலவு மிச்சமாகும். நிறைய கோழிகள் செத்து, தின்னாமல் சிதறிக் கிடந்தால் நாயைச் சந்தேகிக்கலாம். முட்டை ஓடுகூட இல்லாமல் மறைந்தால் பாம்பு. வலையை ஒட்டியே தலையோ காலோ மட்டும் பிய்ந்து உடல் உள்ளே கிடந்தால், வெளியே இருந்து கைவிட்டு இழுத்திருக்கிறது. பூனை இனமோ மரநாயோ. ஒரு கோழி முழுசாகக் காணோம், கூரையோ கதவோ பெயர்ந்திருக்கிறது என்றால் மண்ணில் கால்தடம் தேடிப் பார்த்துவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

வலை: இதில் கஞ்சத்தனம் வேண்டாம்

நான்கு வழிகளில் எதை எடுத்தாலும் வலை வந்தே தீரும். அதனால் இதை முதலில் முடித்துவிடலாம்.

கடையில் கோழிவலை என்று கேட்டால் அறுகோணக் கண் வைத்த, மெல்லிய கம்பி முறுக்கிய வலையைக் கொடுப்பார்கள். பெயரை நம்பி வாங்குகிறோம். அது கோழி வெளியே போகாமல் தடுக்கும். நாய் உள்ளே வராமல் தடுக்காது. நாய் கடித்து இழுத்தால் முறுக்கு அவிழ்ந்து வழி விடும். ஆறேழு மாதம் மூடுபனியில் நனைகிற ஊரில் துருவும் சீக்கிரம் ஏறும். பகல் அடைப்பின் மேல்கூரைக்கு, வல்லூறையும் காக்கையையும் தடுக்க, அது போதும். அங்கே நைலான் வலைகூடப் போதும். இரவு அறையில் ஒரு அடிகூட அதைப் போடாதீர்கள்.

செயின் லிங்க் பலமானது. தேயிலைத் தோட்ட வேலிகளில் பார்க்கிறோமே, இரண்டு அங்குலக் கண், அதுதான். நாயையும் நரியையும் நிறுத்தும். ஆனால் அந்தக் கண்ணில் காட்டுப்பூனையின் முன்னங்கால் தாராளமாகப் போகும். எலி நடந்தே போகும், குட்டிக் கீரியும் புகுந்துவிடும். கோழி இரவில் வலை ஓரமாக உட்கார்ந்தால் வெளியே நிற்கும் விலங்குக்கு அது எட்டும் தூரம்தான்.

மிச்சம் இருப்பது வெல்டு மெஷ், அதாவது கம்பிகளைக் குறுக்கும் நெடுக்கும் வைத்துப் பற்றவைத்த சதுரக் கண் வலை. அரை அங்குலக் கண், 19 கேஜ் அல்லது அதைவிடக் கனமான கம்பி. கேஜ் எண் குறையக் குறையக் கம்பி கனமாகும் என்பதைக் கடைக்குப் போகுமுன் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு அங்குலக் கண் எலிக்கும் சின்னப் பாம்புக்கும் வழி. அரை அங்குலம் என்றால் பெரிய எலி, பெருச்சாளி, கீரி, ஓரளவு பெரிய பாம்பு எல்லாம் நின்றுவிடும். சுண்டெலியும் குட்டிப் பாம்பும் நுழையும். அவற்றையும் நிறுத்த இதைவிடச் சின்னக் கண் வேண்டும். விலை கோழிவலையைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆகலாம். அதனால்தான் அறையைச் சின்னதாக வைக்கச் சொல்கிறேன். ஆறடிக்கு நாலடி அறைக்கு வாங்குகிற கனமான வலையின் செலவில், முப்பதடி அடைப்புக்கு மட்டமான வலைதான் கிடைக்கும்.

மலைக்கென்று ஒரு விஷயம் உண்டு. வெல்டு மெஷ்ஷில் வெல்டிங் செய்தபின் துத்தநாகப் பூச்சு கொடுத்தது ஒன்று, பூச்சுக் கொடுத்த கம்பியை எடுத்து வெல்டிங் செய்தது இன்னொன்று. இரண்டாவதில் பற்றவைத்த புள்ளிகளில் பூச்சு எரிந்துபோயிருக்கும். துரு அங்கிருந்துதான் கிளம்பும். கண்ணை வைத்துப் பார்த்தால் தெரியும்: மூட்டுகளில் பூச்சு கொஞ்சம் திரண்டு மூடியிருந்தால் நல்லது, கறுப்பாகவோ பழுப்பாகவோ இருந்தால் அடுத்த கடைக்குப் போங்கள். கோவையில் ஐந்து வருடம் ஓடுகிற மட்டமான வலை குன்னூர் ஐப்பசி மழையில் அவ்வளவு ஓடாது.

வலையை அடிக்கிற விதமும் வலைக்குச் சமம். ஸ்டேப்பிள் பின் அடித்தால் நாய் ஒரு மூலையைப் பிடித்து இழுத்து வரிசையாகப் பிடுங்கிவிடும். அகலமான வாசர் போட்டு ஸ்க்ரூ முடுக்குங்கள், அரையடிக்கு ஒன்று. வலையைச் சட்டத்துக்கு வெளிப்பக்கம் அடிக்க வேண்டும். அப்போது வெளியிலிருந்து தள்ளுகிற பலம் சட்டத்தின்மேல் போகும், ஸ்க்ரூமேல் போகாது.

நான்கு கூடுகள்

ரெடிமேட் இரும்புக் கூண்டு சமவெளிப் பண்ணைகளை மனதில் வைத்துச் செய்தது. கூரையும் சுவரும் உள்ள கொட்டகைக்குள் அதை வைப்பார்கள். பக்கக் கம்பிக் கண் பெரிது, தரையும் கம்பிதான், எச்சம் கீழே விழுந்துவிடும். வெளியில் தனியாக வைத்தால் நான்கு பக்கமும் கைவிடலாம், அடியிலும் கைவிடலாம். அதோடு கீழிருந்து ஏறுகிற குளிர்காற்று. டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பள்ளத்தாக்குகளில் புல்மேல் உறைபனி படிகிற காலத்தில் கம்பித் தரைமேல் கோழி நிற்பது நன்றாக இராது. பாதத்திலும் புண் வரும். ஆனால் ஒரு இடத்தில் இது பொருந்தும்: குன்னூர் டவுனுக்குள், பெட்ஃபோர்டு பக்கம் மாதிரி, கொல்லையே இல்லாத வீடு. கூண்டைப் போர்ட்டிகோவிலோ ஸ்டோர் ரூமிலோ சுவரோரம் தள்ளி, சுற்றிலும் அரை அங்குல வலை சுற்றி, தரைக்குப் பலகை போட்டு உமி பரப்பினால் நான்கைந்து கோழிக்கு இதுவே போதும். வீட்டின் சுவரும் கூரையும்தான் அங்கே உண்மையான கூடு.

கால் வைத்த மரக்கூட்டுக்கு ஆதரவாளர்கள் அதிகம், எனக்கும் பிடிக்கும். தரையிலிருந்து இரண்டரை மூன்றடி உயரம். பெருச்சாளி துளைத்துக்கொண்டு வர வழியில்லை, மழைத்தண்ணீர் அடியில் ஓடிவிடும், சரிவான நிலத்தில் மண் வெட்டிச் சமன் செய்யாமலே வைக்கலாம். கால்களில் தகரத்தைக் கூம்பாகச் சுற்றிவிட்டால் எலியும் ஏறாது. சிக்கல் மரத்தில். இங்கே மலிவாகக் கிடைப்பது சில்வர் ஓக், கற்பூர மரம் என்று நாம் சொல்லும் யூகலிப்டஸ், சீகை என்கிற வாட்டில் மரம். சில்வர் ஓக் வெட்டவும் இழைக்கவும் சுலபம். மழையில் வைத்தால் உளுத்துவிடும். கற்பூர மரம் காயும்போது வெடித்து முறுக்கிக்கொள்ளும், கதவு ஒரு மழைக்காலத்துக்கு அப்புறம் சட்டத்தோடு சேராது. அந்த அரை அங்குல இடைவெளியைத்தான் நாம் வலையில் அவ்வளவு பணம் கொடுத்து அடைத்தோம். இடித்த பழைய வீடுகளின் தேக்கு நிலை, ஜன்னல் சட்டம் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். இன்னொன்று, சொந்த நிலத்து மரம்தானே என்று இதற்காக வெட்டிவிடக் கூடாது. மலைப்பகுதியில் மரம் வெட்ட 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். மர இடுக்குகளில் கோழிப்பேனும் உண்ணியும் குடியேறும் என்பதும் உண்டு. வருடத்துக்கு இரண்டு முறை உள்ளே சுண்ணாம்பு அடிக்கச் சோம்பல் இல்லாதவர்களுக்குத்தான் மரக்கூடு.

காட்டுமாடு வருகிற இடத்தில் கால் வைத்த கூட்டுக்கு ஒரு பலவீனம் இருக்கிறது. அது கோழியைத் திரும்பியும் பார்க்காது. உடம்பைத் தேய்க்க ஒரு கம்பம் கிடைத்தால் தேய்க்கும், அவ்வளவுதான், கூடு சரிந்துவிடும். கால்களைக் கான்கிரீட்டில் புதைத்து, கூட்டை வீட்டுச் சுவரோடு இரும்பு ஆங்கிளால் பிணைத்தால் தாங்க வாய்ப்புண்டு.

ஹாலோ பிளாக் அறைதான் என் தேர்வு, இடமும் பணமும் இருக்கிறவர்களுக்கு. முழுச்சுவர் வேண்டாம். மூன்றடி உயரம்வரை பிளாக், அதற்குமேல் எல் ஆங்கிள் சட்டத்தில் வெல்டு மெஷ், மேலே கூரை. நாய், நரி, கீரி, பெருச்சாளி எல்லாம் வேலை செய்வது அந்தக் கீழ் மூன்றடியில்தான். கட்டையில் உட்கார்ந்த கோழியின் தலையும் மூன்றடிக்குள் அடங்கினால் வெளியே நிற்கும் விலங்கு கோழியைப் பார்க்கவே முடியாது. பார்க்காத ஒன்றுக்காக அது இரவெல்லாம் மெனக்கெடாது. ஆறடிக்கு நாலடி அறையில் பத்துப் பன்னிரண்டு கோழி இரவு தங்கலாம். ஆளுக்கு இரண்டு சதுர அடி வருகிறது. பகலெல்லாம் வெளியில் இருக்கும் கோழிக்குத் தூங்க அது போதும். உட்காரும் கட்டையில் ஒரு கோழிக்கு எட்டிலிருந்து பத்து அங்குலம், முட்டையிட நான்கைந்து கோழிக்கு ஒரு பெட்டி.

இதன் குறை செலவு. பிளாக், சிமெண்ட், மணல் எல்லாம் மலை ஏறி வர வேண்டும். ரோட்டுக்குக் கீழே வீடு என்றால் அங்கிருந்து தலைச்சுமை. சில வீடுகளில் பொருளின் விலையைச் சுமைகூலி தாண்டிவிடும். பிளாக்கின் உள் ஓட்டைகளைக் கலவையால் அடைக்கவில்லை என்றால் எலிக்கு அடுக்குமாடி கட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். கீழ் இரண்டு வரிசையாவது அடைத்தே ஆக வேண்டும். கட்டிய அறையை நகர்த்தவும் முடியாது. வாடகை வீட்டுக்காரர்கள் இதை மறந்துவிட்டு மரக்கூட்டுக்குப் போகலாம்.

நான்காவதான பெரிய வலை அடைப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பகலுக்கு அருமை. கோழி மண்ணில் குளிக்கும், புழு கொத்தும், நாம் உள்ளே நின்று முட்டை எடுக்கலாம். இரவுக்கு அதையே நம்பினால் நான்கு பக்கமும் மேலும் அடியும் அரை அங்குல வலை போட வேண்டும். அந்தப் பணத்துக்கு பிளாக் அறையும் கட்டி, மிச்சத்தில் லேசான பகல் அடைப்பும் போட்டுவிடலாம்.

தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளின் பின்பக்கம் போய்ப் பார்த்தால் பழைய தகரமும் பெட்டிப் பலகையும் சேர்த்துச் சுவரோடு ஒட்டிய சின்னக் கூடுகள் தெரியும். குனிந்துதான் கையை விட முடியும். அழகில்லை, காற்றில்லை, ஆனால் பொந்தும் இல்லை, வெளியிலிருந்து கோழி தெரிவதும் இல்லை, பத்தடியில் மனிதர்கள் தூங்குகிறார்கள். சின்னது, இறுக்கமானது, வீட்டை ஒட்டியது என்ற மூன்றும் அங்கே செலவில்லாமலே கிடைத்துவிட்டன. காற்று மட்டும்தான் சேர்க்க வேண்டும்.

தரையும் தண்ணீரும்

சரிவில் இருக்கிற கொல்லையில் அடிப்பக்கம் பாதுகாப்பாக இருப்பது ஒரு மழைக்காலம்வரைதான். அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை கோத்தகிரி, குன்னூரில் கொட்டுகிற மழையில் வேலிக்கடியில் இருந்த மண் கரைந்து ஓடி, ஒரு கை நுழைகிற இடைவெளி தானாகவே உண்டாகும். யாரும் தோண்ட வேண்டியதில்லை. அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. அது அபூர்வம்தான், ஆனால் கூட்டுக்கு மேல்பக்கம் ஒரு வடிகால் வெட்டாமல் மலையில் எதையும் கட்டக் கூடாது. செங்குத்தாக வெட்டிய மண்சுவரை ஒட்டியும் கூடு வேண்டாம்.

பகல் அடைப்பின் ஓரத்தில் வலையை ஒன்றரையடி ஆழத்துக்குப் புதைப்பதா, தரைமேல் வெளிப்புறமாக ஒன்றரையடி படுக்க வைப்பதா? எனக்குப் படுக்க வைப்பதுதான் சரியாகப் படுகிறது. தோண்டுகிற நாயோ நரியோ வேலியின் காலடியில்தான் ஆரம்பிக்கும். அங்கே காலுக்குக் கீழே கம்பி தட்டுப்பட்டால் பின்னால் நகர்ந்து தோண்ட வேண்டும் என்று அதற்குத் தோன்றாது. மண் அரித்தாலும் வலை வெளியே தெரியும், கல்லை எடுத்து மேலே வைத்துவிடலாம். புதைத்த வலை மண்ணுக்குள் துருப்பிடிப்பது நமக்குத் தெரியவே தெரியாது.

இரவு அறைக்குத் தரை கான்கிரீட்தான், இரண்டு மூன்று அங்குலம், வாசலை நோக்கிச் சற்றுச் சரிவாக. குளிருமே என்பார்கள். மேலே நாலு அங்குலம் உமியோ இழைப்புச் சுருளோ போட்டால் குளிராது. அதைக் கையில் அள்ளி இறுக்கிப் பாருங்கள். விட்டதும் உதிர்ந்தால் சரி, கொழுக்கட்டையாக நின்றால் ஈரம் அதிகம், மாற்ற வேண்டும்.

கூரை, காற்று

நம் ஊரில் கோழியைக் கொல்வது குளிர் இல்லை, ஈரம். உலர்ந்த குளிரைக் கோழி இறகை உப்பிக்கொண்டு தாங்கிவிடும். மூடிய அறையில் எச்சத்தின் அமோனியாவும் மூச்சின் ஈரமும் சேர்ந்தால் சளியும் ரத்தக்கழிச்சலும் வரும். விலங்குக்குப் பயந்து எல்லாப் பக்கமும் பலகை அடித்துச் சாத்தியவர்கள் இழப்பது இப்படித்தான். காலையில் கதவைத் திறந்ததும் மூக்கு எரிந்தால் காற்று போதவில்லை. கூரைக்குக் கீழே எதிரெதிர் இரண்டு பக்கமும் அரையடி உயரத்துக்குத் திறந்து, வலை அடித்து விடுங்கள். காற்று கோழியின் தலைக்கு மேலே போக வேண்டும், உடம்பின்மேல் அல்ல. சாரல் எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ அந்தப் பக்கம் கூரையை ஒன்றரையடி நீட்டிக்கொள்ளலாம்.

கூரைக்கு ஓடு வேண்டாம். மரநாய் ஓட்டை நகர்த்திப் பழகியது. சிமெண்ட் ஷீட் குரங்குக் கூட்டம் குதித்தால் விரிசல் விடும். தகரம் சரி, ஆனால் பனிக்காலத்தில் அடிப்பக்கம் வியர்த்து விடியற்காலையில் சொட்டுச் சொட்டாகக் கோழிமேல் விழும். கீழே மூங்கில் பாயோ பிளைவுட்டோ அடித்தால் சொட்டாது. தகரத்தின் நெளிவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் வருகிற வளைவுப் பொந்துகளை மறந்துவிடாதீர்கள். மரநாய் தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும்.

கதவு

கதவுதான் பூட்ட மறக்கிற இடம், அதனால் உடைகிற இடமும் அதுதான். ஒரு கொண்டி போதாது. மேலே ஒன்று, கீழே ஒன்று தாழ்ப்பாள் வைத்து, ஒன்றிலாவது திருகி மாட்டுகிற கொக்கியோ பூட்டோ இருக்கட்டும்; குரங்கின் விரலுக்கு வெறும் தாழ்ப்பாள் ஒரு வேலையே இல்லை. கதவு வெளிப்பக்கம் திறப்பதாகவும், சட்டத்தின்மேல் ஒரு அங்குலம் ஏறி உட்காருவதாகவும் இருந்தால் நெம்ப இடம் கிடைக்காது.

தானாக மூடும் கதவு இப்போது ஆன்லைனில் கிடைக்கிறது. வெளிச்சத்தை வைத்து இயங்குவது, நேரத்தை வைத்து இயங்குவது என்று இரண்டு வகை. நீலகிரியில் வெளிச்ச வகையை நம்பாதீர்கள். மூடுபனி இறங்கினால் மாலை நாலரைக்கே இருட்டிவிடும், பாதிக் கோழி வெளியே இருக்கும்போதே கதவு விழுந்துவிடும். நேர வகையை எடுத்து, சூரியன் நவம்பரில் ஆறுக்கு முன்பும் ஜூலையில் ஏழை ஒட்டியும் மறைவதால் மாதத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். கரண்டை நம்பாமல் பேட்டரியில் ஓடுவதாக இருக்க வேண்டும்.

நாய், வேலி, சுருக்கு

காவலுக்கு நாயைக் கூட்டுக்குப் பக்கத்தில் கட்டிப்போடலாமா என்று கேட்பார்கள். கட்டிய நாய் சிறுத்தைக்கு இரை. கோழிக்காக வராத சிறுத்தையும் அதற்காக வரும். நாய் இருந்தால் இரவில் வீட்டுக்குள் இருக்கட்டும், அங்கிருந்து குரைத்தால் போதும். நகர்வை உணர்ந்து எரிகிற விளக்கு கொஞ்ச நாள் வேலை செய்யும், பிறகு பழகிவிடும். ஆனால் நமக்கு வருவது யார் என்று தெரிய உதவும். மின்வேலி பத்துக் கோழிக்குத் தேவையில்லை. சோலார் வேலி போடுவதாக இருந்தாலும் 2023-இல் வந்த விதிகளைப் பார்த்துவிட்டுப் போட வேண்டும். வீட்டு லைனிலிருந்து நேரடியாகக் கம்பிக்குக் கரண்ட் கொடுப்பது குற்றம், முதலில் சாவது நம் வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம். சுருக்குக் கம்பி, விஷம் பேச்சே வேண்டாம். மரநாய் முதல் சிறுத்தை வரை எல்லாமே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. காட்டுப்பன்றிக்கு வைத்த சுருக்கில் சிறுத்தைகள் மாட்டிச் செத்தது நீலகிரியில் நடந்திருக்கிறது.

யாருக்கு எது

டவுனுக்குள் கொல்லை இல்லாதவர்: இரும்புக் கூண்டு, சுவருக்குள், வலை சுற்றி. வாடகை வீடு, அல்லது வண்டி போகாத சரிவு: மரக்கூடு, எட்டுக் கோழிக்கு மேல் வேண்டாம். தேயிலையையோ சோலையையோ ஒட்டிய சொந்த இடம்: மூன்றடி பிளாக் அறை, அடுக்களை ஜன்னலிலிருந்து பார்க்கிற தூரத்தில், ஒட்டினாற்போல் பகல் அடைப்பு. கூடலூர், பந்தலூர்ப் பக்கமென்றால் யானைக்காகத் தீவன விஷயத்தில் இன்னும் கறாராக இருங்கள். பாம்புக்காகக் கதவின் அடி இடுக்கைத் தகரத்தால் மூடுங்கள். மாலை ஆறு மணிக்கு வீட்டில் யாருமே இருக்கமாட்டோம் என்கிறவர்கள் தானியங்கிக் கதவுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்க வேண்டும். அதற்கு முடியாது என்றால் கோழி வேண்டாம், காடையையோ முயலையோ வீட்டுக்குள் கூண்டில் வளர்க்கலாம்.

கட்டுவதற்கு ஏற்ற காலம் பிப்ரவரியும் மார்ச்சும். மழை ஓய்ந்திருக்கும், சிமெண்ட் நன்றாக இறுகும், மரம் காய்ந்திருக்கும். கட்டி முடித்ததும் ஒரு இரவு உள்ளே விளக்கைப் போட்டு, வெளியே இருட்டில் சுற்றி வாருங்கள். எங்கெல்லாம் கீற்றாக வெளிச்சம் வருகிறதோ அங்கெல்லாம் சாக்பீஸால் குறி வைத்து மறுநாள் அடையுங்கள். கோடை மழை இரண்டு பெய்து, தரைக்கடியில் தண்ணீர் எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டு, மே மாதக் கடைசியில் தடுப்பூசி போட்ட இரண்டு மாதக் கோழிகளாக வாங்கினால் போதும்.